மூன்றாவது மரத்தடியில்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்த பிறகு, திண்டுக்கல்லில் ஒரு கண் டாக்டரிடம் டோக்கன் எழுதிக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணாடி போட்டவள் என்பதால் அந்த டாக்டரை எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். “மாப்பிள்ளை அமையிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். இந்தக் கண்ணாடியோட அது ரெண்டு மூணு வருஷம் ஆகும்” என்று அப்பாவிடம் சொன்னார். கேலிக்குச் சொல்கிறவர் இல்லை. எதையும் உள்ளபடி சொல்லிவிடுவார், அவ்வளவுதான்.

கிளினிக் என்பது ஒரு பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் ஆபரேஷன் அறையும் நான்கு கட்டிலும். முன்கூடத்தில் நோயாளிகள் உட்கார நான்கு பெஞ்சு. கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலை ஒட்டின சுவரில், என் மேஜைக்கு நேர் எதிரே, ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் கொள்ளும் அகலத்தில் ஓர் எண்ணெய் வண்ணப் படம் தொங்கியது. கொடைக்கானலில் ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார். கண்ணாடி பீரோ வாங்கப் போன டாக்டரின் தலையில் தரகர் இந்தப் படத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டாராம். யார் வரைந்தது என்று டாக்டருக்கும் தெரியாது. மூலையில் கையெழுத்து மாதிரி ஏதோ இருந்தது. அதன் மேலும் வண்ணம் ஏறி, எழுத்து படிக்க முடியாமல் போயிருந்தது.

படம் ஒரு காடு. இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளும் துரு நிறமுமாக இருக்கும். நடுவில் ஒரு பாதை. “அது இலையுதிர் காலம்மா. அவங்க ஊர்ல குளிர் வர்றதுக்கு முன்னால இலை இப்படித்தான் நிறம் மாறும்” என்றார் டாக்டர். பூகோளப் புத்தகத்தில் படித்த வார்த்தைதான். ஆனால் நமக்கு இலை உதிர்வது மாசி பங்குனியில், வெயில் ஏறும்போது. சருகு மொரமொரவென்று காலில் நொறுங்கும். அதில் குளிர் ஏது? வந்த ஜனங்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைப் பார்த்ததும், “காடு பத்தி எரியுதே” என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. கூடத்தைப் பெருக்கித் துடைக்க ஆள் இருந்தாலும், படத்தை மட்டும் நான்தான் துடைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுக்க வேண்டும். அதனால் அதன் மேல்பரப்பு எனக்கு அத்துப்படி. மஞ்சள் இலைகளைக் கத்தி நுனியால் அள்ளி அப்பியிருந்தார்கள், சில இடத்தில் விரல் கனம் இருக்கும். வானத்தை அகலமான பிரஷ்ஷால் இழுத்திருந்ததில் மயிர் மயிராகக் கோடு ஓடியது. ஒரு பிரஷ் மயிர் வண்ணத்தோடு ஒட்டி அப்படியே காய்ந்து கிடந்தது. மரம் ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பாதியில் வண்ணம் தீர்ந்து, கீழே துணியின் இழை தெரியும். திரும்பத் தொட்டு இழுக்கக்கூடப் பொறுமை இல்லாதவர் போல என்று நினைப்பேன். காலண்டர் படங்களில் ஒவ்வோர் இலைக்கும் நரம்பு போட்டிருப்பார்கள். அதுதான் படம் என்று அன்றைக்கு என் நினைப்பு.

நான் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். வடமதுரைப் பக்கத்திலிருந்து புரை விழுந்த கண்ணோடு ஒருவர் வந்தார். நிலக்கடலை போடுகிற சம்சாரி. பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தவர், தன் டோக்கன் வந்து எழுந்து போகும்போது என்னிடம், “அந்தாளு எதுக்கு அங்க நிக்கிறாரு?” என்று கேட்டார்.

“எந்த ஆளு?”

“அந்தா, மூணாவது மரத்தடியில. முதுகு காட்டி.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது மரத்தடியில் பழுப்பு வண்ணம்தான் இருந்தது. பார்வை மங்கினவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் நடுவயதுப் பெண் ஒருத்தி அதையே சொன்னாள். அதற்கப்புறம் ஒரு தபால்காரர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நானாக யாரையும் கேட்கவில்லை. எல்லாரும் அதே மரத்தைத்தான் சொன்னார்கள். சொன்ன எல்லாருக்கும் கண்ணில் புரை. கண்ணில் தூசி விழுந்தவர்களும் கண்வலிக்காரர்களும் அப்படி எதுவும் சொன்னதில்லை. புரை எடுத்து, ஒன்றரை மாதம் கழித்துத் தடித்த கண்ணாடி மாட்டி வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, “என்னமோ அப்பி வச்சிருக்கு” என்று போய்விடுவார்கள். மரத்தடியில் நின்றவரைத் தேடிப் பார்த்து, காணாமல், வெட்கப்பட்டுச் சிரித்தவர்களும் உண்டு.

டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மதியம் கூடம் காலியாக இருக்கும்போது அந்தப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார எனக்கு மனம் வரவில்லை. மேஜையைத் திருப்பிப் போடலாமா என்று டாக்டர் ஒருமுறை கேட்டதற்கு வேண்டாம் என்றேன்.

பிறகு ஒருநாள் என் கண்ணையே சோதிக்க வேண்டி வந்தது. பவர் கூடியிருக்கும் போல, எழுத்து கலங்கியது. டாக்டர் மத்தியானம் நோயாளிகள் போன பிறகு இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, “ஒரு மணி நேரம் கண்ண மூடி உக்காரு” என்றார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். செத்த நேரம் போனதும் சும்மா கண்ணைத் திறந்தேன்.

எதிரே காடு இருந்தது.

இத்தனை மாதம் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்த மேடும் பள்ளமும் எங்கே போயின என்று தெரியவில்லை. பாதை உள்ளே நீண்டு போய் வளைந்தது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இடம் இருந்தது, ஓர் ஆள் நுழைந்து போகலாம். அவசரத்தில் விட்டதாக நான் நினைத்த அந்த வண்ணம் தீர்ந்த இடமெல்லாம் மரத்தின் மேல் விழுந்த வெயிலாக இருந்தது. இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அங்கே காற்று அடித்தது. பட்டப்பகலில், தோல் பதனிடுகிற ஷாப்பின் வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த வேளையில், என் கை மயிர் குளிருக்கு நிற்பதுபோல் நின்றது.

மூன்றாவது மரத்தடியில் ஒருவன் நின்றான்.

முதுகு காட்டித்தான் நின்றான். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலைத் தளரவிட்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து. பாதையைப் பார்த்து யோசிக்கிறவன் போல. அசையவில்லை. அசைந்திருந்தால் கத்தியிருப்பேன். அவன் அசையாமல் இருந்ததுதான் என்னைக் கத்தவிடாமல் வைத்தது. மடியில் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். வெறும் பழுப்பு வண்ணம்.

டாக்டரிடம் அன்றைக்கும் சொல்லவில்லை.

நத்தம் பக்கத்து அம்மா வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மாந்தோப்பில் காவலும் களத்து வேலையுமாக வெயிலிலேயே கிடந்த உடம்பு. வலக்கண் முற்றிய புரை, இடக்கண் பாதி. தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். பெயரை எழுதிக்கொண்டு டோக்கன் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தவள், அவள் முறை வந்து நான் மூன்று தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

“தாயி, அங்கன நிக்கிறது எம் மகன்” என்றாள்.

குரலில் ஆச்சரியமே இல்லை. சந்தையில் தன் ஆட்டை அடையாளம் சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் மலையில் மரம் வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறான். பதினெட்டு வயது. கூடப் போன ஆட்கள் கூலி வாங்கித் திரும்பினார்கள். அவன் வரவில்லை. முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் கூட இருந்தான், காலையில் காணோம் என்றார்கள். போலீசில் சொல்லி, மலைக்கு இரண்டு தடவை போய்த் தேடி, ஒன்றும் ஆகவில்லை.

“எப்படிம்மா உங்க மகன்னு சொல்றீங்க? முகம் தெரியலையே” என்றேன். சொன்ன பிறகுதான், நானும் அவனைப் பார்த்திருக்கிறேன் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று புரிந்தது. அவள் அதைக் கவனித்தாள்.

“நின்ன நெலையப் பாரு. சின்னதுல கெணத்துல விழுந்து எடது கால் ஒடிஞ்சு கூடுனவன். வலது கால்லதான் பாரம் குடுத்து நிப்பான்.” பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். “உனக்கும் தெரியுதுல்ல? வாரவன் மாதிரி இருக்கானா, போறவன் மாதிரி இருக்கானா?”

தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

வலக்கண்ணை ஆபரேஷன் செய்துகொள்ளச் சம்மதித்தாள். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ஒரு வாரம் அசையாமல் படுக்க வைப்பார்கள். அவள் கல் மாதிரிக் கிடந்தாள். பார்க்க யாரும் வரவில்லை. நான்தான் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். கட்டின கண்ணோடு அவள் கேட்ட ஒரே கேள்வி, “அவன் நிக்கிறானா?” என்பதுதான். நான் கூடத்துக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து, “நிக்கிறார்” என்பேன். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

கண்ணாடி வந்த பிறகு வலக்கண்ணில் அவளுக்கு நல்ல பார்வை. இடக்கண்ணையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். மாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை. ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை வந்து, டோக்கன் வாங்காமல், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு படத்தைப் பார்ப்பாள். அரை மணி நேரம். பிறகு, “வாரேன் தாயி” என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொல்வது எனக்கா, படத்துக்கா என்று சில நாள் சந்தேகமாக இருக்கும்.

டாக்டர் கவனித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன், என் கண்ணில் மருந்து விட்ட நாள் உள்பட. அவர் திட்டவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கூடத்தில் நின்று படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அந்தம்மா அடுத்த தடவ வந்தா எங்கிட்ட சொல்லு” என்றார்.

அவள் வந்த அன்று, நோயாளிகள் எல்லாரும் போகும்வரை இருக்கச் சொன்னார். பொழுது சாய்கிற நேரம். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி பெஞ்சில் சாய்த்து வைத்தார். ஜன்னல் கதவைச் சாத்தச் சொன்னார். கண் பார்க்கிற டார்ச்சை எடுத்து, படத்தின் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகும்படி அடித்தார். மேடெல்லாம் நிழல் விட்டு எழுந்தது.

“இங்க பாரும்மா. இந்தப் படத்துல எல்லா இழுப்பும் ஒரே பக்கம் சாயுது. காத்துக்காக அப்படிப் போட்டிருக்காங்க. இந்த இடத்துல மட்டும் நாலஞ்சு இழுப்பு நட்டுக்குத்தலா நிக்குது. கண்ணுல புரை இருந்தா மத்ததெல்லாம் கலங்கிப்போகும், இது மட்டும் ஆள் மாதிரித் தெரியும். அவ்வளவுதான்.”

சொல்லிக்கொண்டே டார்ச்சை இன்னும் சாய்த்தார். அப்போது அவரே பேச்சை நிறுத்தினார். அந்தப் பழுப்பு வண்ணத்துக்கு அடியில் இன்னொரு மேடு இருந்தது. தோள் மாதிரி ஒரு வளைவு, இடுப்பில் மடங்கிய கை, தலை. யாரோ ஓர் ஆளை வரைந்து, அது காய்ந்த பிறகு, மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் வண்ணம் பாளம் பாளமாக வெடித்திருந்ததை, தினமும் துடைத்த நான், சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப இருந்திருக்கான்” என்றாள் அந்த அம்மா.

“யாரோ ஒருத்தர். வெள்ளக்காரங்க ஊர்ல யாரோ” என்றார் டாக்டர். குரல் முன்னைப் போல உறுதியாக இல்லை.

“ஏன்யா மூடுனாக?”

டாக்டர் டார்ச்சை அணைத்தார். இருட்டிக்கொண்டு வந்த கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பெஞ்சில் சாய்ந்திருந்த படத்தில் பாதை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. படம் தரையோடு இருந்ததால் அந்தப் பாதை எங்கள் காலடியிலிருந்தே தொடங்குகிற மாதிரி இருந்தது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வரவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலை, டோக்கன் கொடுக்கத் தொடங்கும் முன்பே வந்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வழக்கம்போல் அரை மணி நேரம் இருக்கவில்லை. எழுந்து என் மேஜைக்கு வந்தாள்.

“போயிட்டான் தாயி.”

கண்ணாடியைக் கழற்றினேன். காடு இருந்தது, பாதை இருந்தது, காற்று அடித்தது. மூன்றாவது மரத்தடியில் யாரும் இல்லை. நான் எழுந்து நின்று பார்த்தேன். பெஞ்சில் அவள் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். இல்லை. அன்றைக்குப் புரையோடு வந்தவர்களில் இரண்டு பேரை, முதல் தடவையாக, நானே கேட்டேன். காடு எரிகிறது என்றார்கள். ஆள் யாரையும் சொல்லவில்லை.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஜன்னலைக் காட்டினார். பக்கத்து மனையில் பூட்டு வியாபாரி ஒருவர் புதிதாக மாடி வீடு கட்டத் தொடங்கியிருந்தார். “அந்தச் சுவர் எழும்பினதுல பக்கத்து வெளிச்சம் போச்சு. மேட்டு நிழல் விழல. நிழல் இல்லைன்னா ஆளும் இல்ல.” சரியான காரணம்தான். ஆனால் அன்று சாயங்காலம் வெளியே போய்ப் பார்த்தேன். சுவர் ஜன்னலுக்கு முழங்கால் உயரம் கீழேதான் நின்றது. சாரத்தின் மேல் போட்ட கீற்று மறைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் அந்த வாரமே இடக்கண்ணையும் ஆபரேஷனுக்குக் கொடுத்தாள். கட்டோடு கிடந்த நாட்களில் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மகனைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை எந்தத் தகவலும் வரவில்லை.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த நாளில், அவள் நேராகப் படத்திடம் போனாள். மூக்கு இடிக்கும் கிட்டத்தில் நின்று, இடமிருந்து வலமாக, கோலத்தில் புள்ளி பார்க்கிற மாதிரி ஒவ்வோர் இழுப்பாகப் பார்த்தாள். அத்தனை நேரம் அத்தனை கிட்டத்தில் யாரும் அதைப் பார்த்து நான் கண்டதில்லை. துடைத்த நானும் பார்த்ததில்லை.

“வெரசாப் போட்டிருக்காக” என்றாள். “சுவரு பூசுறப்ப கலவ காஞ்சுபோகும்னு கையி ஓடுமே, அந்த மாதிரி. இந்த மரத்த இழுக்கறப்ப எங்கயும் நிக்கல. இந்த மஞ்சக் கொத்த அப்புறப்ப சந்தோசமா இருந்திருக்காக. பாரு, தேவைக்கு மேல அப்பியிருக்கு.”

மூன்றாவது மரத்தடிக்கு வந்ததும் விரலை நீட்டினாள். தொடவில்லை. காற்றில் அந்த இழுப்புகளின் மேலேயே விரலை ஓட்டினாள், மேலிருந்து கீழே, மெதுவாக.

“இங்க மட்டும் வெரசு இல்ல. ஒண்ணு வச்சு, விட்டு, ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு வச்சிருக்காக. அழிக்க மனசு வராம அழிச்சிருக்காக தாயி.”

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் இழுப்பும் தொடங்குகிற இடத்தில் வண்ணம் குவிந்திருந்தது. பிரஷ் அங்கே வந்து நின்று, பிறகுதான் இறங்கியிருக்கிறது. மற்ற இடத்தில் எங்கும் அப்படி இல்லை. வரைந்தது ஆணோ பெண்ணோ, அந்தக் கை நின்ற நேரத்தை என்னால் பார்க்க முடிந்தது. அதுவரை அந்தப் படத்தில் நான் பயந்தது அங்கே நின்ற ஆளுக்கு. அன்றைக்குப் பயந்தது அந்தக் கைக்கு. எங்கோ எப்போதோ ஒருவர் தனியாக உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். அந்தக் கை நின்றதைக் கண்டுகொள்ள ஆள் இல்லாமல் அது இத்தனை வருஷம் கூடத்தில் தொங்கியிருக்கிறது.

அவள் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்குப் போனாள். பிறகு வரவில்லை. கண்ணுக்காக வர வேண்டிய தேவை இருக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் டாக்டர் மகனோடு சென்னைக்குப் போய்விட முடிவு செய்தார். எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாமான்களைக் கட்டும்போது, “இந்தப் படத்த நீ எடுத்துக்கம்மா, உன்ன விட இத அதிகமாப் பாத்தவங்க யாரும் இல்ல” என்றார். எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. புது வீட்டில், புது மனிதர்களுக்கு நடுவே, மத்தியானத்தில் நான் மட்டும் தனியாக இருக்கிற ஒரு கூடத்தை நினைத்துப் பார்த்தேன்.

“அவங்க வீட்டுல இம்புட்டு அகலத்துக்குச் சுவர் இல்ல சார்” என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படத்தைச் சாக்கில் சுற்றி, தன் சாமான்களோடு லாரியில் ஏற்றச் சொன்னார்.